எங்கள் சரிவு நிலத்தையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்

கரும்பின் மரபணுத்தொகையைக் கணினியின் துணையோடு ஆராய்ந்து புதிய ரகங்களை உருவாக்கிவரும் அறிஞர்களுக்கு, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் வடகரையிலிருந்து ஒரு சிறு கரும்பு விவசாயி எழுதும் திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம். உங்களில் சிலர் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள மவுண்ட் எட்ஜ்கோம் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிகிறீர்கள்; சிலர் கடலுக்கு அப்பால் கோயம்புத்தூரில் பணிபுரிகிறீர்கள். இவ்விரண்டு ஊர்களையும் இணைத்த ஒரு கரும்பின் பெயரை எங்கள் குடும்பத்தில் என் தகப்பனார் காலத்திலிருந்து உச்சரித்து வருகிறோம். என்.சி.ஓ. 376 என்ற அந்தப் பெயரில் 'என்' என்பது நேட்டால், 'சி.ஓ.' என்பது கோயம்புத்தூர். இங்குள்ளவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு மடல் தனியே அனுப்பியிருக்கிறேன். அதே செய்தியைக் கோயம்புத்தூரில் இருப்பவர்களும், எழுத்துக்கூட்டியாவது தமிழ் படிக்கத் தெரிந்த எங்கள் கடைசித் தலைமுறையும் படிக்க வேண்டும் என்பதற்காக இதைத் தமிழில் எழுதுகிறேன். நாற்பது ஆண்டுகள் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். கரும்பு எனக்குத் தந்தைவழிச் சொத்து, கணக்கு நான் தேடிக்கொண்ட தொழில். இரண்டும் கலந்தே இந்த மடலில் வரும்.

என் கொள்ளுத்தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது. 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பன் துறைமுகத்தை அடைந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி, 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்ட 1,52,184 பேரில் அவரும் ஒருவர் என்பதோடு எங்கள் வமிச வரலாறு நின்றுவிடுகிறது. நான் பயிரிட்ட கரும்பின் வரலாறு அப்படி நிற்கவில்லை. அதன் தாய் யார், தகப்பன் யார், பாட்டன் பூட்டன் யார் என்பதெல்லாம் ஏட்டில் இருக்கிறது. கரும்புக்கு எழுதி வைத்தார்கள், கரும்பு வெட்டியவனுக்கு எழுதி வைக்கவில்லை என்று என் தகப்பனார் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பில் பாதிதான் சிரிப்பு.

அந்த ஏட்டில் உள்ளதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் மற்ற வாசகர்களுக்குத் தெரிய வேண்டும். 1912இல் கோயம்புத்தூரில் கரும்புப் பயிர்ப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டபோது, அதன் அறிஞர்கள் பார்பரும் வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்று நம் ஊரில் வழங்கிய இனிப்புக் கரும்பை, ஆற்றோரம் தானாக வளர்ந்து கிடந்த காட்டு இனத்தோடு கலந்தார்கள். நாணல் என்றும் பேய்க்கரும்பு என்றும் பொதுவாக நாம் ஒதுக்கிவிடும் அந்தப் புல்லில் சர்க்கரை மிகக் குறைவு. ஆனால் வறட்சியும் நோயும் அதை எளிதில் வீழ்த்துவதில்லை. அக்கலப்பில் பிறந்து 1918இல் வெளியான கோ 205 ('கோ' என்பதும் கோயம்புத்தூர்தான்) என்ற ரகம் இந்தியக் கரும்பின் போக்கையே மாற்றியது. பட்டினத்தாரின் கையில் இருந்த பேய்க்கரும்பு திருவொற்றியூரில் இனித்ததாகக் கதை சொல்வார்கள். கோயம்புத்தூரில் அது இனித்ததற்கு ஆவணமே இருக்கிறது.

இங்கே நேட்டாலில் நிலைமை வேறு. எங்கள் குளிர்காலத்தில் கரும்பு பூப்பது அரிது. பூத்தாலும் மகரந்தம் பெரும்பாலும் மலடாகவே இருக்கும். 1925இல் மவுண்ட் எட்ஜ்கோமில் ஆராய்ச்சி நிலையம் அமைந்த பிறகும் சொந்தமாக ஒட்டுச் சேர்க்க வழியில்லாமல், கோ 281, கோ 290, கோ 301, கோ 331 என்று கோயம்புத்தூர் ரகங்களையே வரவழைத்து நட்டார்கள். பிறகு ஒரு நல்ல வழி கண்டார்கள். கோ 421, கோ 312 ஆகிய இரண்டையும் கோயம்புத்தூரில் ஒட்டுச் சேர்த்து, பஞ்சுத் துணுக்குபோல் இருக்கும் விதையை மட்டும் இங்கே அனுப்பி, இந்த மண்ணில் முளைக்க வைத்து, இந்த வெயிலிலும் இந்த நோயிலும் தேறியதைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படித் தேறி 1945இல் வெளிவந்த என்.சி.ஓ. 310 தைவான், ஒகினாவா, ஆஸ்திரேலியா, டெக்சாஸ் வரை பரவியது. 1955இல் வெளிவந்த என்.சி.ஓ. 376 எங்கள் மலைகளையெல்லாம் பல பத்தாண்டுகள் மூடியிருந்தது. இரண்டும் ஒரே பெற்றோரின் பிள்ளைகள். விதை அங்கிருந்து வந்தது, தேர்வு இங்கே நடந்தது என்பதுதான் அக்கதையின் உயிர்நாடி. இந்த மடலில் நான் கேட்கப்போவதும் அதை ஒட்டியதே.

இனி உங்கள் துறைக்கு வருகிறேன். கரும்பின் மரபணுத்தொகையை, அதாவது அதன் மரபுச் செய்தி முழுவதையும், படிப்பது ஏன் இவ்வளவு கடினமாக இருந்தது என்பதை, ஓலைச்சுவடி பழகிய நம் மரபிலிருந்து விளக்குவது எளிது. மனிதனுக்கும் பல பயிர்களுக்கும் ஒவ்வொரு குரோமோசோமிலும் இரண்டு பிரதிகள்தான். இன்றைய ஒட்டுக் கரும்பில் 100 முதல் 130 வரை குரோமோசோம்கள் உள்ளன. ஒரு மரபணுவுக்கு எட்டு, பத்து, பன்னிரண்டு பிரதிகள்கூட இருக்கும். அவற்றில் பெரும்பகுதி இனிப்புக் கரும்பிலிருந்து வந்தவை. சிறு பகுதி பேய்க்கரும்பிலிருந்து வந்தவை. சில இரண்டும் ஒட்டிக்கொண்டவை. ஒரே நூலைப் பத்து ஊர்களில் பத்துப் பேர் பெயர்த்தெழுதிய பத்துச் சுவடிகளை எடுத்து, எல்லாவற்றையும் துண்டு துண்டாக நறுக்கி, ஒரே கூடையில் கொட்டிக் குலுக்கிவிட்டு, பத்து நூலையும் தனித்தனியாக மீண்டும் கோத்துக் கொடு என்று சொன்னால் எப்படி இருக்கும்? துண்டு சிறியதாக இருந்தால் எது எந்தச் சுவடிக்குரியது என்றே சொல்ல முடியாது. பாடபேதம் உள்ள இடம் துண்டுக்குள் அகப்பட்டால்தான் அடையாளம் கிட்டும். நீண்ட துண்டுகளைப் பிழையின்றிப் படிக்கும் கருவிகள் வந்த பிறகே உங்களால் அந்தக் கோப்பைச் செய்ய முடிந்தது.

அதுவரை நீங்கள் அண்டை வீட்டுக்காரனின் ஏட்டை வைத்துக்கொண்டு காலம் தள்ளினீர்கள். கரும்புக்கு மிக நெருங்கிய உறவான சோளத்தின் மரபணுத்தொகை ஏறத்தாழ 73 கோடி டி.என்.ஏ. எழுத்துகள் கொண்டது, பிரதிச் சிக்கல் இல்லாதது, 2009இல் வெளியிடப்பட்டது. நாங்கள் இங்கு வந்து இறங்குவதற்கு முன்பே ஜூலு மக்கள் தண்டை மென்று சுவைத்துவந்த 'இம்ஃபே' என்பதும் ஓர் இனிப்புச் சோளம்தான். கரும்பை அவர்கள் 'உமோபா' என்பார்கள். எங்கள் ஜூலு அண்டை வீட்டாரின் வயலில் இம்ஃபேயும் உமோபாவும் அருகருகே நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், உங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒன்றை வைத்து மற்றொன்றைப் படித்த கதை எனக்கு நினைவுக்கு வரும். பின்னர் 2018இல் ரீயூனியன் தீவின் ஆர் 570 ரகத்தின் ஒற்றைப் பிரதி வரைவும், அதே ஆண்டில் காட்டு இனத்தின் மரபணுத்தொகையும் வெளிவந்தன. 2024இல் ஆர் 570இன் பிரதிகளைப் பிரித்துக் காட்டும் கோப்பு வந்தது. ஏறத்தாழ 1000 கோடி எழுத்துகள் கொண்ட அத்தொகையில் 870 கோடி எழுத்துகள் கோக்கப்பட்டிருக்கின்றன. மனிதனின் ஒரு பிரதியோ 300 கோடி எழுத்துகள்தாம்.

அதனால் கைமேல் கிடைத்த பலனும் உண்டு. பழுப்புத் துரு நோயைத் தடுக்கும் ஓர் இடம் ஆர் 570இல் இருப்பது 1996இலேயே தெரிந்திருந்தது, அதற்கு 'பி.ஆர்.யூ. 1' என்று பெயரிட்டார்கள். அந்த இடத்தில் காரணமாக இருக்கக்கூடிய மரபணுக்கள் எவை என்று சுட்டிக்காட்ட 2024 வரை ஆயிற்று. உலகெங்கும் துருவைத் தாங்கும் ரகங்களில் பெரும்பாலானவை அந்த ஒரே இடத்தையே நம்பி நிற்கின்றன என்பது எனக்கு மகிழ்ச்சியைவிட அச்சத்தையே தருகிறது. என்.சி.ஓ. 310ஐ நம்பியிருந்த ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் விவசாயிகளை 1970களில் ஃபிஜி நோய் எப்படி வாட்டியது என்பதையும், அதன் உடன்பிறப்பான 376ஐக் கரிப்பூட்டை நோய் இங்கே எப்படித் தேடித் தேடித் தாக்கியது என்பதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

இப்போது என் கணக்குக்கு வருகிறேன். பயிர்ப்பெருக்கத்தில் ஆண்டுக்கு எவ்வளவு முன்னேற்றம் கிட்டும் என்பதை நான்கு எண்கள் தீர்மானிக்கின்றன. எத்தனை கடுமையாகத் தேர்வு செய்கிறோம், தேர்வு எவ்வளவு துல்லியமானது, தேர்வுக்குரிய கூட்டத்தில் மரபுவழி வேறுபாடு எவ்வளவு உள்ளது என்ற மூன்றையும் பெருக்கி, ஒரு தலைமுறைக்கு ஆகும் ஆண்டுகளால் வகுக்க வேண்டும். கரும்பில் அந்த வகுக்கும் எண்தான் நம்மை வாட்டுவது. விதை முளைத்த நாளிலிருந்து ரகம் வெளிவரப் பத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்குக் குறைவதில்லை. 2001இல் மியூவிசன், ஹேய்ஸ், கோடார்ட் ஆகிய மூவர் முன்வைத்த வழி அந்த எண்ணைக் குறைப்பதற்கானது. ஒரு கூட்டத்தை வயலில் நட்டு அளந்து, அதன் மரபணுத்தொகையில் பல்லாயிரம் இடங்களையும் படித்து, எந்த இடம் எவ்வளவு கூட்டுகிறது குறைக்கிறது என்று கணினிக்குக் கற்பித்துவிட்டால், பிறகு வரும் நாற்றுகளின் இலைத் துணுக்கைப் பார்த்தே கணினி மதிப்பெண் போட்டுவிடும். கறவை மாடுகளில் அது பெருவெற்றி கண்டது.

விளக்கத்திற்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம். வயலில் பல ஆண்டுகள் அளந்து தேர்ந்தெடுப்பதன் துல்லியம் 0.8 என்றும், அதற்கு 12 ஆண்டுகள் ஆகும் என்றும் வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 0.067. கணினியின் கணிப்பு பாதித் துல்லியமே உடையது, 0.4 என்று வைத்துக்கொண்டாலும், தலைமுறை 4 ஆண்டுகளாகக் குறைந்தால் ஆண்டுக்கு 0.1, அதாவது ஒன்றரை மடங்கு. பாதி குருடனானாலும் மூன்று மடங்கு வேகமாக நடப்பவன் முன்னால் போய்விடுகிறான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருந்தது; பள்ளியில் இருந்திருந்தால் பத்தாம் வகுப்புக்கு மறுநாளே கொடுத்திருப்பேன்.

ஆனால் அந்த 0.4 யாருடைய வயலில்? கணினி கற்றுக்கொண்ட வயலில் கரும்பு எப்படி நடந்துகொண்டதோ, அதைத்தான் அது கணிக்கும். அந்த வயலுக்கும் என் வயலுக்கும் உள்ள ஒப்புமை பாதிதான் என்றால், எனக்குக் கிட்டும் துல்லியம் 0.2 ஆகச் சுருங்கும். பழைய முறைக்கும் இந்த இழப்பு உண்டு என்று நீங்கள் சொல்வீர்கள், சரிதான். இருந்தாலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. பழைய முறையில் இறுதிச் சுற்றுக்கு வரும்போது கரும்பு பல ஊர்களின் மண்ணைப் பார்த்துவிடும். என் போன்றவனின் நிலத்தில் தேறக்கூடிய ஒன்று எப்படியோ தப்பி அதுவரை வந்து சேர வாய்ப்பிருந்தது. புதிய முறையில் அது நாற்றாக இருக்கும்போதே, ஒரு நாளும் என் வேலியைக் காணாமலே, மதிப்பெண் பட்டியலின் அடியில் விழுந்து கழிக்கப்பட்டுவிடும். கழித்த நாற்றைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கரும்பு விதையிலிருந்து பெற்றோரைப் போலவே பிள்ளை பிறப்பதில்லை. ஒவ்வொரு நாற்றும் உலகில் ஒருமுறைதான்.

என் நிலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஸ்டேங்கருக்கு, இன்றைய பெயரில் குவாடுகூசாவுக்கு, மேற்கே உள்ள மலைச்சரிவில் ஒன்பது ஹெக்டேர். சாம்பல் நிற மணல். ஒரு முழம் தோண்டினால் இறுகிய களிமண். பாசனம் கிடையாது, வானம்தான். சரிவில் இயந்திரம் ஏறாது; சோகையை, அதாவது காய்ந்த கரும்பிலையை, கொளுத்திவிட்டுக் கத்தியால்தான் வெட்ட வேண்டும். வெட்டிய கரும்பை எடுத்துச் செல்லும் லாரி என்னுடையது அன்று. பெரிய பண்ணைகளை முடித்துவிட்டு ஒப்பந்தக்காரர் என் பக்கம் வரும்வரை கரும்பு கிடக்கும். ஆலை எனக்குப் பணம் தருவது எடைக்கு மட்டும் அன்று; ஆர்.வி. என்று நாங்கள் சொல்லும், மீட்கத்தக்க சர்க்கரையின் அளவுக்கு. கிடந்த ஒவ்வொரு நாளும் அது இறங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாற்றங்காலில் புது ரகத்தின் கரணை, அதாவது நடவுக்கான தண்டுத் துண்டு, வாங்கி இரண்டு ஹெக்டேரில் நட்டேன். பெயர் சொல்ல விரும்பவில்லை. நாற்றங்காலின் மேலும் குற்றமில்லை, ரகத்தின் மேலும் குற்றமில்லை. முதல் பயிர் கண்ணுக்கு விருந்து. என் மனைவி அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டாள். நாங்கள் கரும்பின் முன் படம் எடுத்துக்கொள்ளும் குடும்பமே அன்று. பிறகு 2015, 2016இன் வறட்சி வந்தது. வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் பயிரை மறுதாம்பு என்போம்; முதல் மறுதாம்பில் ஆங்காங்கே வெற்றிடம் விழுந்தது. இரண்டாம் மறுதாம்பைப் பன்னிரண்டு மாதத்தில் வெட்ட வேண்டியவன், லாரிக்கும் ஆளுக்கும் காத்திருந்து பதினேழாம் மாதத்தில் வெட்டினேன். தண்டைப் பிளந்தால் உள்ளே சிவந்து, எல்டானா புழுவின் துளை. சதுப்புநிலத்துக் கோரையில் வாழ்ந்துகொண்டிருந்த இந்த மண்ணின் பூச்சி அது; கரும்புக்கு மாறி, 1970கள் முதல் எங்களை விடாமல் துரத்துகிறது. வாடிய பயிரும் முற்றிய பயிரும் அதற்கு விருந்து என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். என் பயிர் வாடியும் இருந்தது, முற்றியும் இருந்தது. மூன்றாம் வெட்டோடே உழுது அழித்துவிட்டு, பழைய ரகத்தை மீண்டும் நட்டேன். ஆழமான மண்ணில், உரிய மாதத்தில் வெட்டி, அன்றே ஆலைக்கு அனுப்பும் ஒருவருக்கு அதே ரகம் இன்றும் நல்ல வருவாய் தருகிறது என்று கேள்விப்படுகிறேன், அவருக்காக மகிழ்கிறேன்.

இதிலிருந்து நான் கற்றது, எதை அளக்கிறீர்களோ அதுவே வளரும் என்பது. கணினிக்கு நீங்கள் தரும் எண்கள் பெரும்பாலும் நடவுப் பயிரின் எடையும் முதல் ஓரிரு மறுதாம்பின் எடையும் சர்க்கரையும்தான். பெரிய பண்ணைக்காரருக்கு அவை போதும். மறுநடவுக்கு வங்கிக் கடன் கேட்டுப் படியேற வேண்டிய எனக்கு, எட்டாம் மறுதாம்பிலும் கட்டை துளிர்க்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. பதினேழு மாதம் நின்றால் சாய்கிறதா, புழு ஏறுகிறதா? கொளுத்தி வெட்டிய பிறகு நான்கு நாள் கிடந்தால் சர்க்கரை எவ்வளவு நிற்கிறது? சோகை தானாக உதிர்கிறதா, இல்லை வெட்டுகிறவரின் கையை அறுக்கிறதா? இவற்றில் ஒவ்வொன்றுக்கும் மரபுவழி வேறுபாடு இருக்கத்தான் செய்யும். கணக்கில் சேராத குணம் பயிரிலிருந்து மெல்ல நழுவிவிடும்; அதை யாரும் திட்டமிட்டுச் செய்ய வேண்டியதில்லை.

என் வேண்டுகோளை இப்போது சொல்கிறேன். கணினிக்குக் கற்பிக்கும் பயிற்சித் தொகுதியில் எங்கள் வயல்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மவுண்ட் எட்ஜ்கோம் நிலையம் கடற்கரை, உள்நாட்டு மேட்டுநிலம், நீர்ப்பாசனம் பெறும் வடபகுதி என்று நிலத்தைப் பிரித்துத் தேர்வு செய்வது எனக்குத் தெரியும், அதற்கு நன்றியுடையேன். ஆனால் ஒரே கடற்கரை வட்டத்துக்குள் ஆற்றங்கரை வண்டலும் என் சாம்பல் மணலும் அடங்கிவிடுகின்றன. தட்பவெப்பத்தால் மட்டும் பிரித்தால் போதாது; பணத்தாலும் லாரியாலும் ஆள்பலத்தாலும் பிரியும் நிலங்கள் இவை. இந்நாட்டில் எண்ணிக்கையில் பெரும்பான்மையான கரும்பு விவசாயிகள் சிறு விவசாயிகளே. அவர்களிலும் பெரும்பாலோர் என் போன்ற தமிழர்களோ மற்ற இந்திய வமிசத்தாரோ அல்லர், ஜூலு மக்கள். எங்கள் கேள்வி ஒன்றுதான் என்பதால் அவர்களுக்கும் சேர்த்தே கேட்கிறேன்.

இதற்குச் செலவு ஆகும், நூறு ரகங்களை அறுபது சிறு வயல்களில் நடுவது நடக்கிற காரியமா என்று நீங்கள் கேட்கலாம். முன்பு கேட்டிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். இன்று உங்கள் கணக்கே அதற்கு விடை வைத்திருக்கிறது. ரகங்கள் ஒன்றுக்கொன்று உறவு. அக்காளுக்குள்ள அதே மரபணுத் துண்டு தங்கையிடமும் இருக்கிறது. ஆகவே எல்லா ரகத்தையும் எல்லா வயலிலும் நட வேண்டியதில்லை. ஒருவர் நிலத்தில் நான்கு பார் (நடவு வரிசை), அடுத்தவர் நிலத்தில் வேறு நான்கு பார் என்று சிதறி நட்டாலும், உறவைப் பிடித்துக்கொண்டு விடுபட்ட கட்டங்களைக் கணினி நிரப்பிக்கொள்ளும். இப்படிச் சிதறி நட்டு அளக்கும் முறை மக்காச்சோளத்திலும் கோதுமையிலும் கையாளப்பட்டிருக்கிறது. எங்களை விட்டுவிடக்கூடிய அதே கணிதம்தான் எங்களைச் சேர்த்துக்கொள்வதையும் மலிவாக்கியிருக்கிறது. இந்த மடலை எழுத என்னைத் தூண்டியது அந்த ஒரு செய்திதான்.

எடை போடவும் குறித்து வைக்கவும் எங்களால் முடியும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இந்தச் சரிவுகளில் குறைவில்லை. இந்தியர்களுக்கு வேறு வேலைகள் அடைபட்டிருந்த காலத்தில் பள்ளிக்கூடம்தானே எங்களுக்குத் திறந்திருந்தது. குறித்ததன் முடிவை மட்டும் எங்களுக்குத் திருப்பித் தந்துவிடுங்கள். ஜூலுவிலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்கம் போதும். என் வயலில் எது தேறியது என்பதை நான் ஆய்வுக் கட்டுரையில் தேடிப் படிக்க வேண்டிய நிலை வரக்கூடாது.

கோயம்புத்தூரில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். கோ 421க்கும் கோ 312க்கும் உங்களிடம் பதிவேடு இருக்கும். இங்கே அவற்றின் பிள்ளைகள் பல பத்தாண்டுகள் வயலில் எப்படி நடந்துகொண்டன என்பதற்குப் பதிவேடு இருக்கும். பெற்றோரின் மரபணுத்தொகையையும் பிள்ளைகளின் வயல் கணக்கையும் ஒன்றாக வைத்துப் படிக்க இதைவிடப் பொருத்தமான குடும்பம் வேறு ஏது? உங்கள் பராமரிப்பில் இருக்கும் காட்டு இனத் தொகுப்பில், வறட்சியிலும் மறுதாம்பு விடும் குணத்துக்குரிய துண்டுகள் இன்னும் எத்தனையோ கிடக்கின்றன. தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள் 1930களில் கோயம்புத்தூரில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து குரோமோசோம்களை எண்ணிய இனங்கள் அவை. அன்று ஒரு பொட்டலம் விதை கப்பலேறி வந்ததுபோல் இன்று வர முடியாது என்பதை அறிவேன். 2002இன் இந்தியப் பல்லுயிர்ச் சட்டம் இருக்கிறது. மரபுவளங்களின் பயனைப் பகிர்வதற்கான நகோயா ஒப்பந்தம் இருக்கிறது. பயிர் மரபுவளங்களைப் பகிர்ந்துகொள்வதற்கான பன்னாட்டு உடன்படிக்கையின் பொதுப் பட்டியலில் கரும்பு சேர்க்கப்படவே இல்லை. அந்தச் சட்டங்கள் தேவையானவை; நம் ஆற்றோரத்துப் புல்லை யாரோ எடுத்துக்கொண்டு போய்க் காப்புரிமை போடுவதைத் தடுக்க வேண்டும்தான். ஆனால் இரு நாட்டுப் பொது நிறுவனங்கள் முறைப்படி ஓர் உடன்பாடு செய்துகொள்ள அவை தடையல்ல. வாய்க்காலைத் திறக்க யாராவது ஒருவர் முதலில் எழுத வேண்டும்.

எங்கள் கோயில் மண்டபத்தில் இதைப் பற்றி நான் பேசியபோது ஒருவர் எழுந்து, "ஐயா, மரபணு மாற்றிய கரும்பை எங்கள் தலையில் கட்டவா பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். மரபணுவைப் படிப்பது வேறு, மாற்றுவது வேறு. நான் கேட்பது, பழையபடி பூவோடு பூவைச் சேர்த்துப் பிறந்த நாற்றுகளில் எதை வைத்துக்கொள்வது என்று படித்து அறியும் முறை. புழுவைத் தாங்கும்படி மரபணு சேர்த்த கரும்புக்கு பிரேசில் 2017இல் அனுமதி தந்தது. மரபணுவைத் திருத்தும் புதிய முறைகளையும் 1997இன் மரபணு மாற்ற உயிரிகள் சட்டத்தின் கீழேயே கொண்டுவருவதாக எங்கள் அரசு 2021இல் முடிவெடுத்தது. அந்த வழக்கு வேறு. அதில் எனக்குக் கருத்து உண்டு என்றாலும் இந்த மடலில் கலக்க விரும்பவில்லை. ஒன்று மட்டும் நினைவுக்கு வருகிறது. வடக்கே மக்காத்தினி சமவெளியில் 1990களின் இறுதியில் மரபணு மாற்றிய பருத்தியைச் சிறு விவசாயிகள் ஆர்வத்தோடு ஏற்றார்கள்; விதை தன் வேலையைச் செய்தது; கடன் தரும் ஏற்பாடு சரிந்ததும் பருத்தியும் சுருங்கிவிட்டது. உலகெங்கும் மேடைகளில் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்ட சமவெளி அது. நல்ல ரகம் கிடைத்தாலும் தூய கரணை, மறுநடவுக் கடன், நேரத்துக்கு லாரி ஆகியவை இல்லாவிட்டால் என் சரிவில் அது நிற்காது. அவற்றை உங்களிடம் கேட்கவில்லை; அதற்கு உரியவர்களிடம் வேறு மடல் எழுதியிருக்கிறேன்.

உங்களிடம் கேட்பதை ஒரு வயலிலிருந்தே தொடங்கலாம். என் நிலத்தின் கிழக்குச் சரிவில் அரை ஹெக்டேரை இந்த ஆண்டு தரிசாக விட்டிருக்கிறேன். உழவும் நடவுக் கூலியும் என் பொறுப்பு. எந்த நாற்றை எந்தப் பாரில் நட வேண்டும் என்று நீங்கள் எழுதிக் கொடுங்கள். கழிக்கலாமா என்று உங்கள் கணினி தயங்கும் நாற்றுகளில் சிலவும் அதில் இருக்கட்டும். முதல் பயிரை நீங்கள் சொல்லும் மாதத்தில் வெட்டுகிறேன். அடுத்ததை லாரி வரும் மாதத்தில் வெட்டுகிறேன். இரண்டையும் தனித்தனியே எடைபோட்டுத் தருகிறேன். பக்கத்து நிலத்துக்காரரும் ஒத்துக்கொண்டிருக்கிறார். அவர் கையொப்பம் ஆங்கில மடலில் இருக்கிறது. மழை தொடங்குமுன், செப்டம்பருக்குள் பதில் வந்தால் பார் பிடித்து வைப்போம்.

இப்படிக்கு,
ஸ்டேங்கர் மலைச்சரிவிலிருந்து
ஒரு சிறு கரும்பு விவசாயி, ஓய்வுபெற்ற கணக்காசிரியர்